மலைக்காரர்கள் போட்ட கடல் பாதை

கடலில் பாதை போடுகிறவனுடைய வேலை முழுவதும் கரையில்தான் இருக்கிறது. தண்ணீரில் கல் பதிக்க முடியாது, தார் ஊற்ற முடியாது. கயாக் என்கிற ஒடுங்கிய படகில் உட்கார்ந்து, கரையோரமாக நாள்கணக்கில் துடுப்புப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் எங்கே இறங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே படுக்கலாம் என்று ஒழுங்கு செய்து வைத்தால் அதற்குப் பெயர்தான் பாதை. அந்த ஒழுங்கைச் செய்கிறவன் படகில் ஏறியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்.

பிறர் ஓய்வெடுப்பதற்காக உழைக்கிற அன்பர்களே, ஹோட்டலில் விரிப்பு மாற்றுகிறவர்களே, சுற்றுலா வேன் ஓட்டுகிறவர்களே, இது உங்களுக்காக எழுதுவது. உல்லாசப் பயணம் போனவர்கள் எழுதிய புத்தகங்கள் ஏராளம். அவர்களுக்கு வெந்நீர் வைத்தவன் எழுதியதை நான் இன்னும் பார்க்கவில்லை.

தகுதி

நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மீதிப் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரங்களில். படித்தேன், பிறகு எழுதினேன், பிறகு அவற்றுக்காக அடி வாங்கினேன். நாற்பது வருடம் தொழிற்சங்க வேலை. தோட்டத்து வேலைப் பதிவில் இரண்டு தடவை என் பேரை வெட்டினார்கள். என்னோடு சேர்ந்து கோஷம் போட்டவர்கள் தேர்தலில் ஜெயித்து மாலை போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார்கள். மாலை வாங்கிக்கொடுத்தவன் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலேயே இருந்தேன். ஊரில் இன்னும் என்னைத் தலைவர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எதற்குத் தலைவர் என்று கேட்டால்தான் யாருக்கும் சொல்லத் தெரியாது.

அறுபத்தேழு வயதில் என்னைத் தேடிக்கொண்டு நவாஸ் முதலாளி வந்தார். பதுளை டவுனில் ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவர். பொத்துவிலுக்கு வடக்கே கடலோரமாக ஒரு கயாக் பாதை போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஏழு தங்குமிடம், ஏழு மீனவர் கிராமம். ஏழு கிராமத்திலும் ஏழு சங்கம் இருந்தது. ஏழு சங்கத்துக்கும் பிஸ்கட் பெட்டியோடு போய், பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தார். சங்கத்தோடு பேசத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. ஒரு காலத்தில், வேலைநிறுத்தம் நடக்கும்போது தோட்டத்துக்குச் சாமான் கொடுத்தார்கள் என்று அவருடைய தகப்பனாரின் கடை வாசலில் நான் மூன்று நாள் மறியல் இருந்திருக்கிறேன். அதுதான் என்னுடைய தகுதி. "மூணு நாளும் ஒரு ஆளைக்கூட கடைக்குள்ள விடல்ல நீங்க. வாப்பா மௌத்தாகிற வரைக்கும் உங்களைத் திட்டினார். அந்த மாதிரி ஆள்தான் எனக்கு வேணும்" என்றார் நவாஸ்.

நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். தாளில் எழுதியே கொடுத்தேன்: "இப்பாதையை அமைத்த அனைவரும் முதன்முதலில் இப்பாதையில் பயணம் செய்வர். அதன் பின்னரே திறப்பு விழா." பங்களா கட்டியவன் அதன் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. கொழுந்து எடுத்தவள் குடிப்பது தூசித் தேயிலை. இந்த ஒரு இடத்திலாவது அது நடக்கக் கூடாது என்பது என் கொள்கை. நவாஸ் முதலாளி ஒரு வரியும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே, "கேக்கக் கூடாதுதான், ஆனாலும் கேக்கிறேன் தலைவரே. உங்களுக்கு நீந்தத் தெரியுமா?" என்றார்.

செருப்புக் காவல்

கட்டுகிற வேலைக்கு எங்கள் தோட்டத்திலிருந்தே பத்துப் பேரைத் திரட்டினேன். ஆறு பெண்கள், நான்கு ஆண்கள். அதில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒருத்தி செல்லம்மா. முப்பது வருடம் கொழுந்து எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். கூட்டத்தில் பேச மாட்டாள். கூட்டம் முடிந்ததும் ஒரு வாக்கியம் சொல்வாள், மறுபடி கூட்டம் போட வேண்டியிருக்கும். இன்னொருவன் முத்துவேல். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன், கையில் கத்தி இல்லாவிட்டால் அவனுக்குப் பேச்சே வராது.

இவர்களைக் கடலுக்கு இழுத்தது என் பேச்சு இல்லை. ஒரு பழைய வழக்கு. எங்கள் மேல்மலையில் நின்று பார்த்தால், வானம் தெளிந்த காலையில், கிழக்கே வெகு தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். அது கடல் என்று பாதிப் பேர், பனி என்று பாதிப் பேர். செல்லம்மா கடல் கட்சி. முத்துவேல் பனிக் கட்சி. கோடு நமக்குத் தெரிந்தால் அந்தப் பக்கம் இருந்து பார்க்கிறவனுக்கு நம்முடைய மலை தெரிய வேண்டும் இல்லையா, படகில் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்த்துவிடலாம் என்பது செல்லம்மாவின் கணக்கு. அதற்காகத்தான் அவள் வந்தாள்.

பசறை, மொனராகலை, பொத்துவில் என்று மூன்று பஸ் மாறிப் போனோம். கடலைக் கண்டதும் பத்துப் பேரும் செருப்பை உதறிவிட்டு ஓடினார்கள். முத்துவேல் ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்து, யாரோ உப்பைக் கொட்டிவிட்டார்கள் என்பது போல் முகத்தைச் சுளித்தான். நான் மட்டும் மணலில் நின்றேன். இவ்வளவு தண்ணீர் ஒரே இடத்தில் தடுப்பில்லாமல் கிடப்பது சரியாகப் படவில்லை எனக்கு. யாராவது சாமானைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்றேன். திரும்பி வந்த செல்லம்மா, பத்துச் சோடிச் செருப்பையும் நான் வரிசையாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். "இந்தக் கடக்கரையில கண்ணுக்கெட்டின தூரம் ஒரு மனுசரையும் காணோம். செருப்பை யாருங்க தலைவரே தூக்கிட்டுப் போகப் போறாங்க?" என்றாள்.

ஒரே கயிறு

முதல் கிராமத்து மீனவர் சங்கத் தலைவர் பெயர் தங்கராசா. வாடி என்கிற கடற்கரைக் கொட்டகைக்குள் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் நாற்பது நிமிடம் பேசினேன். மலையில் கொழுந்து எடுப்பவரும் கடலில் வலை இழுப்பவரும் ஒரே கயிற்றின் இரண்டு நுனிகள் என்றேன். சுரண்டல் என்ற சொல்லை ஆறு தடவை சொன்னேன். பதுளை டவுனில் அதற்குக் கைதட்டு விழும். இங்கே ஒருவர் பழைய வலையை மடியில் எடுத்துப் போட்டுப் பொத்தலைத் தைக்கத் தொடங்கினார்.

தங்கராசா கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். "நல்லாக் கதைக்கிறீங்க ஐயா. இப்ப விசயத்துக்கு வருவம். நாங்க கரைவலை இழுக்கக்குள்ள இந்த ஓடம் குறுக்கால வந்தா என்ன செய்யிற?" என்றார். எனக்குக் கரைவலை என்றால் என்னவென்றே தெரியாது. அவரே விளக்கினார். வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாகக் கடலில் இறக்கிவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஊரே சேர்ந்து மணிக்கணக்காக இழுப்பார்களாம். நடுவில் ஒரு படகு வந்தால் மீன் கலைந்து போகும். ஒரு நாள் பாடு வீண். பின்னால் இருந்து செல்லம்மா, "குறுக்க வந்தா அவங்களையும் எறங்கிக் கயித்தைப் பிடிக்கச் சொல்லுங்க" என்றாள்.

வாடி முழுக்கச் சிரிப்பு. அதையே விதியாக எழுதினோம். வலை தண்ணீரில் இருந்தால் கயாக்காரர் கரைக்கு வந்து, வலை ஏறும் வரை கயிறு பிடிக்க வேண்டும். ஏழு சங்கமும் இந்த ஒரு வரிக்காகத்தான் இடம் கொடுத்தன. நான் சொன்ன ஒரே கயிறு இப்போது ஏழு கரையிலும் நிஜமாக இருக்கிறது, என்னுடைய பேச்சு இல்லாமலே. கூட்டம் கலையும்போது தங்கராசா என் தோளில் கை வைத்து, "இந்த அம்மாவ முதல்ல கதைக்க விட்டிருந்தா நேரத்தோட தேத்தண்ணி குடிச்சிருப்பமே ஐயா" என்றார்.

ஐந்து நாளில் கட்டியது

முதல் தங்குமிடம் கட்ட வேண்டும். நவாஸ் முதலாளி வரைபடம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்தக் கரையில் சிக்னல் ஒரு பனைமரத்தடியில்தான் கிடைக்கும். அங்கேயும் படம் திறக்கவில்லை. "பத்து ரூம், மேல கூரை, உங்க இஷ்டப்படி கட்டுங்க" என்று போனில் சொல்லிவிட்டார். உங்க இஷ்டப்படி என்று எங்களிடம் எந்த முதலாளியும் அதற்கு முன் சொன்னதில்லை. கண்ணுக்கெட்டிய வரை வெறும் மணல். எப்படி வேண்டுமானாலும் கட்டலாம். முத்துவேல் கயிறு பிடித்தான், மற்றவர்கள் கம்பு நட்டார்கள். ஐந்தே நாளில் முடித்தோம்.

ஆறாம் நாள் காலை, தண்ணீர்க் கரை வரை பின்னால் போய் நின்று, எப்படி வந்திருக்கிறது என்று பார்த்தோம். பத்து அறை, ஒரே வரிசை. அறைக்கும் அறைக்கும் நடுவில் பொதுச் சுவர். மேலே ஒரே நீளத் தகரம். முன்னால் ஒடுங்கிய தாழ்வாரம், அதற்கு முன்னால் கழிவுத் தண்ணீர் ஓடும் கான், கோடியில் ஒரே ஒரு தண்ணீர்ப் பைப். நாற்பது வருடம் எந்த லயத்தை இடிக்கச் சொல்லிப் பிரசுரம் எழுதினேனோ, அதை எங்கள் இஷ்டப்படி கட்டியிருந்தோம். வெட்கத்தில், மற்ற ஆறு இடத்திலும் குடிசைகளைத் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்படி கட்டினோம்.

முதலில் வந்த விருந்தாளிகளில் கொழும்புக் கட்டடக் கலைஞர் ஒருவர் இருந்தார். முதுகு காட்டும் குடிசைகள் அவருக்குப் பிடிக்கவில்லை. லயத்தைப் பார்த்து உருகிப் போனார். சுவரைத் தட்டிப் பார்த்தார், பக்கத்து அறைக் குறட்டை தெளிவாகக் கேட்கிறது என்று மெச்சினார். பிறகு என்னிடம் வந்து, "இது யாரோட யோசனை? மனுசங்க இப்படி ஒட்டி இருந்தாத்தான் ஒரு உறவு வரும். ரெண்டு நாளைக்கு மேல தாங்க முடியாது, ஆனா ரெண்டு நாளைக்கு அற்புதம்" என்றார்.

வழிகாட்டி நூல்

விருந்தாளிகளுக்கு ஒரு சிறு கையேடு வேண்டும், நீங்கள்தான் எழுதுகிறவர் ஆயிற்றே என்று முதலாளி என்னைக் கேட்டுக்கொண்டார். பதினாறு பக்கம் எழுதினேன். ஒவ்வொரு கரைக்கும் வரலாறு, அங்கே உழைக்கும் மக்களின் நிலை, கடல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி, அதற்கு விடை. அச்சில் பார்த்தபோது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. நான்காவது கரையில் பல் வைத்தியர் ஒருவர், நடுத்தர வயதுப் பெண்மணி, அதை ஓலைக்குடிசை வாசலில் உட்கார்ந்து முழுதாகப் படித்தார். என் எழுத்தை ஒருவர் முழுதாகப் படிப்பதைக் கண்டு எத்தனையோ வருடம். பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து, "ரொம்பக் கஷ்டப்பட்டு எழுதியிருக்கீங்க, தெரியுது. கழிப்பறை எங்க இருக்குன்னு மட்டும் எந்தப் பக்கத்துல இருக்கு?" என்றார்.

மணலில் பெரட்டு

இந்த விருந்தாளிகள் வந்ததைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமைத்தவர்கள் முதலில் போவார்கள் என்பதுதான் ஒப்பந்தம். ஆனால் நவாஸ் முதலாளி, "இது திறப்பு விழா இல்ல தலைவரே, வெறும் ஒத்திகை" என்று தெரிந்தவர்களைக் கூட்டி வந்துவிட்டார். எங்கள் ஆட்கள் முணுமுணுத்தார்கள். நான் அவர்களை உட்கார வைத்து, ஒத்திகை வேறு, பயணம் வேறு என்று விளக்கினேன். எந்த முதலாளி சொல்லியிருந்தாலும் நான் கிழித்து எறிந்திருக்கக்கூடிய விளக்கம் அது. ஒத்திகை எத்தனை நாள் நீடிக்கிறதோ அத்தனை நாள் நான் கரையில் நிற்கலாம். செல்லம்மா மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

கடலுக்குள் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணாமல் விடக் கூடாது என்று தங்கராசா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எண்ணுவதற்கு எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தோட்டத்தில் தினமும் காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்துவிடுவார்களே, அந்தப் பெரட்டு. காலை ஆறு மணிக்குத் தகரத்தைத் தட்டுவோம். விருந்தாளிகள் மணலில் வரிசையாக நிற்க வேண்டும். பிந்தி வந்தால் அரைப்பேர். அதாவது தோட்டத்தில் அரைநாள் கூலி. இங்கே கூலி இல்லாததால் மத்தியானத்துக்குப் பிறகு துடுப்புக் கிடையாது, சமையலுக்கு வெங்காயம் உரிக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தோட்டத்துரை, அதாவது தோட்ட நிர்வாகி ஒருவர் வந்திருந்தார். எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் துரையாக இருந்தவர். பெரட்டில் கட்டளை போட்டே தமிழ் பழகியவர் என்பதால் மரியாதை விகுதிகள் அவரிடம் வந்து சேரவே இல்லை. முதல் நாளே காப்பிக் கோப்பையோடு கால் மணி நேரம் பிந்தி வந்தார். "அரைப்பேர்" என்றேன். நாற்பது வருடம் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். சொல்லிப் பார்த்தது அன்றைக்குத்தான். இனிப்பாக இருந்ததை மறைக்க மாட்டேன். மனிதர் வாதாடவில்லை, உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். மறுநாள் முதல் ஆளாக வந்து வரிசையில் நின்றார். நான் வேண்டுமென்றே மெதுவாகப் பேர் வாசித்தேன். முடிந்ததும் குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, "முப்பது வருசம் பெரட்டு எடுத்தேன். இந்தப் பக்கம் நின்னா இப்படிக் கால் வலிக்கும்னு யாரும் எனக்குச் சொல்லல்ல" என்றார். "சொன்னோமே துரை. பிரசுரத்தில் இரண்டாவது கோரிக்கையே அதுதான்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அந்த நோட்டீஸ் நான் படிச்சேன். நீதான் எழுதினதா? அதுல கால்வலின்னு இல்லையே. உழைக்கும் வர்க்கத்தின் தீராத வேதனைன்னு இருந்திச்சு. நான் உங்க சாமி விசயமாக்கும்னு நெனைச்சேன்."

ஆளுக்கொரு நிரை

ஒத்திகை முடிந்தது. இனி எங்கள் முறை. அப்போது இன்சூரன்ஸ்காரர் வந்தார். விருந்தாளிகள் எல்லாருக்கும் நீச்சல் தெரியும், எங்கள் ஆட்களுக்குத் தெரியாது, ஆகவே படகில் ஏறக் கூடாது என்றார். களப்பு என்று அங்கே சொல்லும் கழிமுகத் தண்ணீரில் இரண்டு கம்பு நட்டு, இந்தக் கம்பிலிருந்து அந்தக் கம்பு வரை நீந்திக் காட்டுகிறவர்தான் ஏறலாமாம். உடனே வேலைநிறுத்தம் அறிவித்தேன். கோஷம்கூட எழுதி முடிக்கவில்லை, நவாஸ் முதலாளி போனில், "நியாயம்தானே, நீச்சல் பழக்கிவிடுறேன், சம்பளத்தோட" என்று சொல்லிவிட்டார். வேலைநிறுத்தத்துக்கு இவ்வளவு சீக்கிரம் இணங்கிவிடுவது ஒரு முதலாளிக்கு அழகல்ல.

பழக்க வந்தவர் தங்கராசா. பெண்கள் முதல் நாள் இடுப்பில் படங்கோடு வந்தார்கள். கொழுந்து எடுக்கும்போது சேலை நனையாமல் சுற்றிக் கட்டும் அந்தத் தடித்த பொலித்தீன்தான். தண்ணீருக்குப் போகிறோம், நனையக் கூடாது என்று கட்டிக்கொண்டார்களாம். இறங்கியதும் உள்ளே காற்றுப் புகுந்து ஆறு பேரும் ஆறு குடை மாதிரி மிதந்தார்கள். தங்கராசா தலையில் கை வைத்தார். படங்கைக் கழற்றச் செய்து பழக்கத் தொடங்கினால் இன்னொரு தொல்லை. தேயிலையில் ஆளுக்கொரு நிரை உண்டு. உன் நிரையில் நீ, என் நிரையில் நான். அடுத்தவர் நிரையில் கை வைத்தால் சண்டை. தண்ணீரிலும் அப்படியே பிரித்துக்கொண்டார்கள். நீரோட்டம் ஒருத்தியைப் பக்கத்தில் தள்ளினால், "ஏய், இது என் நிரை, ஒதுங்கு" என்று குரல் வரும். தள்ளப்பட்டவள் திரும்பத் தன் நிரைக்கு வருவதற்காகவே கை காலை அடிப்பாள். மூன்று வாரத்தில் பத்துப் பேரும் கம்பு தொட்டார்கள்.

நான் கரையில் நின்று யார் எவ்வளவு தூரம் நீந்தினார் என்று பதிவேடு எழுதினேன். யாராவது எழுத வேண்டும் அல்லவா? கடைசி நாள் தங்கராசா நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நாப்பது வருசமாக் கடல்ல கிடக்கன். மீன் கூட இவ்வளவு ஒழுங்கா நீந்தி நான் காணல்ல. ஓமய்யா, உங்கட நிரை எது?" என்றார்.

பதினோராவது பேர்

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஆட்களின் பயணம் அதற்கு முதல்நாள் சனிக்கிழமை காலை. தகரத்தைத் தட்டினேன். பத்துப் பேர் வாசித்தேன், பத்துப் பேரும் குரல் கொடுத்தார்கள். படகுப் பக்கம் யாரும் நகரவில்லை. பத்துப் பேரும் மணலில் உட்கார்ந்தார்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, கண்ணை மட்டும் நேரே வைத்துக்கொண்டு. அந்த உட்காருதலை எனக்குத் தெரியும். அதை அவர்களுக்குப் பழக்கியவனே நான்தான்.

"பதினோராவது பேரைக் கூப்பிடுங்க தலைவரே" என்றான் முத்துவேல். செல்லம்மா மடியிலிருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்தாள். உள்ளே என்னுடைய ஒப்பந்தத் தாள். "பாதையை அமைத்த அனைவரும்னு எழுதியிருக்கீங்க. அனைவரும்னா எல்லாரும்தானே? நீங்க ஏறாட்டி நாங்களும் ஏற மாட்டோம். நாங்க ஏறாட்டி நாளைக்கு விழா இல்ல" என்றாள். நான் நவாஸ் முதலாளியைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முதலாளியிடம் உதவி தேடிப் பார்த்தேன். அவர் கைகளை விரித்தார். முகத்தில் அவருடைய வாப்பாவின் கடை என் மறியலால் வியாபாரமில்லாமல் கிடந்த மூன்று நாள் பளிச்சென்று தெரிந்தது. "நான் கையெழுத்து வச்ச ஆள் தலைவரே. பேச்சு மாற மாட்டேன்" என்றார்.

நான் பேசினேன். தலைவன் என்பவன் பின்னால் நின்று மற்றவர்களை முன்னே அனுப்புகிறவன் என்றேன். தங்கராசா ஒரு பழைய வலையை மடியில் எடுத்துப் போட்டார். அதைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டுக் களப்பில் இறங்கினேன். கம்புக்குக் கம்பு போய்ச் சேர்ந்தேன். நன்றாகத்தான் கையை வீசினேன். கரையேறியதும் தங்கராசாவைப் பார்த்தோம் எல்லாரும். "கை நல்லா நீந்தின. ஆனாக் கால் நடந்தல்லோ வந்த" என்றார். தண்ணீர் நெஞ்சளவுதான், அன்பர்களே. கால் தரையை விட மறுத்துவிட்டது.

நாற்பது வருடத்தில் நான் செய்த ஆகச் சிறிய உரையை அப்போது செய்தேன். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முத்துவேல் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். செல்லம்மா மட்டும், "அது நீங்க செருப்புக்குக் காவல் நின்ன அன்னைக்கே தெரியுங்க. நீங்களா சொல்லட்டும்னுதான் இருந்தோம்" என்றாள்.

திறப்பு விழா ஒன்பது நாள் தள்ளிப்போனது. முதலாளி விருந்தாளி ஒவ்வொருவருக்கும் பனைமரத்தடியில் நின்று போன் செய்தார். தொழில் தகராறு என்று காரணம் சொன்னாராம். உண்மைதான். ஒன்பது காலையும் தங்கராசா என் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் எங்கள் ஆட்கள் நெஞ்சளவுத் தண்ணீரில் நிரை பிடித்து நின்றார்கள். நான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் யாராவது, "உங்க நிரைக்குப் போங்க தலைவரே" என்று தள்ளிவிட்டார்கள். ஒன்பதாம் நாள் என் கால் தரையை விட்டது. பார்த்தவர்கள் யாரும் அதை நீச்சல் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். மூழ்காமல் போய்ச் சேர்ந்த ஒரு மூட்டை என்று வேண்டுமானால் சொல்லலாம். இன்சூரன்ஸ்காரருக்கு அது போதும்.

மறுநாள் காலை பெரட்டில் பதினொரு பேர் வாசிக்கப்பட்டது. பதினோராவது பேரை முத்துவேல் வாசித்தான். நான் "இருக்கேன்" என்றேன். இரட்டைப் படகில் நான் முன்னால், செல்லம்மா பின்னால். முதல் அலையைத் தாண்டினோம். அதன் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை. படகின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிவிட்டேன். துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் மட்டும் பின்னாலிருந்து வந்தது, கொழுந்து கிள்ளுகிற மாதிரி ஒரே சீராக. கொஞ்ச நேரத்தில் அது நின்றது. பக்கத்துப் படகில் முத்துவேலின் குரல், "ஆத்தாடி, அது நம்ம மலைதான்" என்றது. படகு மெல்லத் திரும்பியது. யாரோ என் முதுகில் துடுப்பின் நுனியால் தட்டினார்கள்.

"கண்ணைத் தொறங்க தலைவரே" என்றாள் செல்லம்மா. "நமுனுகுல தெரியுது. கேட்டு வாங்கினது நீங்க, பாக்காமப் போனா எப்படி?"

நாற்பது வருடப் போராட்டத்தில் முழுமையாக வென்ற கோரிக்கை எங்களுக்கு இது ஒன்றுதான், அதையும் என்னை எதிர்த்துத்தான் வெல்ல வேண்டியிருந்தது.